ஒண்டி இருந்து கட்டிய வீடு

பீரோ உள்ளே போகவில்லை.

1993 தை மாதம். அரிமளத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னப் போர்ஷனுக்கு மாறிய நாள். மாட்டுவண்டியில் மூன்று நடை. பாத்திரம், பாய் தலையணை, தையல் மெஷின், சாமி படம் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. கடைசி நடையில் வந்தது, அம்மாவின் கல்யாணத்துக்குத் தாத்தா வாங்கிக் கொடுத்த கண்ணாடி வைத்த இரும்பு பீரோ. நிலை தாழ்வானது. சாய்த்து நுழைத்தால் உள்ளே ஒரு முடுக்கு. அது முக்குத் திரும்பிய இடத்தில் பீரோ சிக்கிக்கொண்டது. கால் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள், தலைப் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். வண்டிக்காரர் அப்பாவைப் பார்த்தார், அப்பா அம்மாவைப் பார்த்தார். தெருவில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"விலைக்குப் போட்ருங்க" என்றார் அம்மா.

அன்று சாயங்காலமே அது போய்விட்டது. என்ன விலைக்கு என்று அம்மா இன்றுவரை எங்களிடம் சொல்லவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. வீடு மாறுவது என்றால் பெரிய வீட்டுக்குத்தான் போவார்கள் என்று நினைத்திருந்த வயது. நாங்கள் ஏன் சின்ன வீட்டுக்குப் போகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் கேட்டான். பதில் தெரியாமல் அவனோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

பதில் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. அப்பா ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சம்பளம் 1,150 ரூபாய். முன்கட்டும் பின்கட்டும் கொல்லையும் உள்ள வீட்டுக்கு வாடகை 300. அம்மா அந்தத் தாளில் எழுதியிருந்தார்: மாதம் 300, வருடம் 3,600, பத்து வருடம் 36,000. அதற்குக் கீழே வேறு எதுவும் எழுதவில்லை, இரண்டு முறை அடிக்கோடு மட்டும் போட்டிருந்தார். புதிய போர்ஷனுக்கு வாடகை 110. ஓர் அறை, சமையலுக்கு ஒரு தாழ்வாரம், கொல்லையில் பொதுக் கிணறு, பொதுக் கழிப்பறை. அப்பா, அம்மா, அப்பத்தா, அக்கா, நான் என்று ஐந்து பேர். மிச்சம் மாதம் 190 ரூபாய்.

இன்று சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் வாடகைக்கு இருக்கும் ஏராளமான குடும்பங்கள் இதே கணக்கைக் கைபேசியில் போட்டுப் பார்க்கின்றன. மூன்று அறையிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கினால் எத்தனை வருடத்தில் சொந்தமாக ஒரு கதவைப் பூட்டலாம்? எண்கள்தாம் பெரிதாகியிருக்கின்றன. இறங்கலாமா என்று யோசிக்கும்போது தொண்டையில் அடைக்கிற அந்த ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததையும், அந்த ஊர் எனக்குக் கற்றுக் கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னால் அந்த அடைப்பு கொஞ்சம் இளகும் என்று நம்பியே இதை எழுதுகிறேன்.

பெரிய வீட்டு ஊர்

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே சுமார் இருபது கிலோமீட்டரில், திருமயம் வட்டத்தில் இருக்கிறது அரிமளம். ஒரு பேரூராட்சி. வழியெல்லாம் செம்மண், தைலமரக் காடு. நகரத்தார் ஊர்களில் ஒன்று. எனவே ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அந்த வீடுகள்தான். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகள். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர். பாதி வீடுகள் பூட்டியே கிடக்கும். விசேஷத்துக்கு மட்டும் திறப்பார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்ததும், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த வீடுகளின் கதவும் நிலையும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு வந்துகொண்டிருந்ததும் பலரும் அறிந்ததே.

அப்படிப்பட்ட தெருவில் சின்ன வீட்டுக்கு மாறுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழில் அதற்கு ஒரு சொல்லே இருக்கிறது: ஒண்டுக்குடித்தனம். ஒண்டுவது என்றால் இன்னொருவர் சுவரோரம் ஒதுங்குவது. மழைக்கு ஒண்டுவார்கள், வெயிலுக்கு ஒண்டுவார்கள். அந்தச் சொல்லோடு சேர்ந்தே ஒரு கூச்சமும் வந்துவிடுகிறது. 'நல்லா இருந்த குடும்பம், ஒண்டுக்குடித்தனத்துக்கு வந்துடுச்சு' என்று யாராவது சொன்னால் அதில் பரிதாபம் பாதி, சந்தேகம் பாதி. கடன் ஏதும் ஆகிவிட்டதோ, வேலை போய்விட்டதோ என்று கேட்பார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கும் காலத்தில் வீடு சிறியது என்பதாலேயே ஓர் இடம் கை நழுவும். பணம் சேர்ப்பதற்காக ஒரு குடும்பம் தானாக இறங்கியிருக்கலாம் என்பது மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

எங்கள் போர்ஷன் ஒரு பெரிய வீட்டின் பின்பகுதி. முன்னால் அந்த வீட்டின் ஆச்சி தனியாக இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் போன மூன்றாம் நாள், பீரோ போன வருத்தத்தில் அம்மா கிணற்றடியில் நின்றபோது அவர் சொன்னதை அம்மா இன்றும் சொல்வார்.

"எனக்கும் இந்த வீட்ல ஒரு அறைதான் தாயி. வேறுவச்சப்ப ஒரு அறையும் ஒரு அடுப்பும் குடுத்தாக. அதுலதான் நாலு புள்ளைய வளத்தேன்."

வேறுவைத்தல் நகரத்தார் வழக்கம். கல்யாணமாகி மருமகள் வந்து கொஞ்ச காலம் ஆனதும் மாமியார் புது ஜோடிக்குத் தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடுவார். வீடு ஒன்று, கூரை ஒன்று, சமையல் வேறு. வருடத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று அளந்து கொடுப்பார்கள். அதற்குள் குடித்தனம் நடத்தி மிச்சம் பிடிக்க வேண்டியது அந்த ஜோடியின் பொறுப்பு. அவர்கள் ஒரு 'புள்ளி'. நகரத்தார் கணக்கில் புள்ளி என்றால் கல்யாணமான ஒரு தம்பதி. கோவிலுக்கு வரி கட்டுவதும் புள்ளிக் கணக்கில்தான். வெளியிலிருந்து பார்க்கிறவன் அரண்மனை என்று நினைக்கும் அந்த வீட்டில் வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் சிறு அறைகள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியின் உடைமை. சாமானும் நகையும் துணியும் அதற்குள். கல்யாணம், சாந்தி, சாவு, விருந்து எல்லாம் பொது முற்றத்தில்.

இது தெரிந்த பிறகு அந்த வீடுகளை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டியவர்கள், குடும்பம் என்ற அலகுக்கு ஒதுக்கியது ஓர் அறை. கையில் இருந்ததைக் கொண்டு வாழப் பழக்கும் பள்ளிக்கூடமாகவே வீட்டை வைத்திருந்தார்கள்.

கட்டியவர்கள் எங்கே படுத்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். வட்டித் தொழிலுக்காகப் பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று போன ஆண்கள் அங்கே கிட்டங்கியில் தங்கினார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அப்படிப் பல கிட்டங்கிகள் இருந்தன. நீளமான ஒரே கூடம். பல கடைக்காரர்கள் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆளுக்கு ஒரு மரப்பெட்டி, ஒரு கணக்குமேசை, ஒரு பாய். பகலில் அதுவே கடை, ராத்திரி அதே இடத்தில் பாயை விரித்தால் படுக்கை. சாப்பாடு பொதுவில். அடுத்தவருக்காக ஏஜெண்டாகப் போனவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. அதுவரை மனைவி மக்கள் ஊரில். 1970-களின் பிற்பகுதியில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டுவிட்டன. அவற்றில் பாய் விரித்துப் படுத்தவர்கள் அனுப்பிய பணம்தான் அரிமளத்திலும் ராயவரத்திலும் கடியாபட்டியிலும் தேக்குத் தூணாக நிற்கிறது. வட்டித் தொழிலின் மறுபக்கத்தில் பர்மிய விவசாயிகள் நிலம் இழந்த துயரமும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது சரியில்லை. சிக்கனம் பற்றி மட்டும் சொல்கிறேன்: ஒண்டி இருப்பதை அவர்கள் கேவலமாக நினைக்கவில்லை. அது ஒரு கட்டம், முடியும் தேதி உள்ள கட்டம்.

அந்த முடியும் தேதிதான் எல்லாமே. ஆச்சியின் மாமனாரும் அப்படிப் போனவர், அவருக்கு மூன்று வருடக் கணக்கு. எங்கள் அம்மாவுக்கு ஐந்து வருட ஆர்.டி., அதாவது தபால் அலுவலகத் தொடர் வைப்பு.

முதல் எட்டு மாதம் வீண்

உண்மையைச் சொல்ல வேண்டும். மாறிய உடனே பணம் சேர்ந்துவிடவில்லை. தை போய், மாசி பங்குனி போய், ஆவணியில் அம்மா கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றுமில்லை. மாதம் 190 ரூபாய் எங்கே போனது? வண்டிக்கூலி, பால் காய்ச்சிய செலவு, கொல்லைக் கதவுக்குப் புதுப் பூட்டு, சித்தி வீட்டுக் காதுகுத்துக்கு மொய், அப்பாவுக்குச் செருப்பு. எதுவும் ஊதாரித்தனம் இல்லை. 'வாடகைதான் மிச்சமாகிறதே' என்ற நினைப்பில் ஒவ்வொன்றாக நடந்தது, அவ்வளவுதான்.

வீட்டைச் சுருக்குகிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். வாடகை குறைந்தால் சேமிப்பு தானாகக் கூடும் என்று நினைக்கிறோம். கூடாது. கையில் தங்குகிற காசு, தண்ணீர் பள்ளத்தைத் தேடுகிற மாதிரி ஒரு செலவைத் தேடிப் போய்விடும். அந்த வருடம் புரட்டாசியில்தான் அம்மா தபால் அலுவலக ஏஜெண்ட் அக்காவைக் கூப்பிட்டு மாதம் 200 ரூபாய்க்கு ஆர்.டி. போட்டார். 190-ஐ 200 ஆக்கிய அந்தப் பத்து ரூபாய் அம்மாவின் தையல் காசு. அப்பாவுக்குச் சம்பளம் கைக்கு வரும் நாளிலேயே அந்த ஏஜெண்ட் அக்கா வந்து வாசலில் நிற்பார். அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு போய்விடுவார். பழைய வீட்டுக்காரருக்கு 300 ரூபாய் எப்படி முதல் தேதியில் கண்டிப்பாகப் போனதோ, அதே கண்டிப்போடு 110 இங்கேயும் 200 அங்கேயும் போனது. 'நமக்கு வாடகை குறையல, இன்னமும் 310 ரூபாதான்னு நெனச்சுக்கங்க' என்று அம்மா அப்பாவிடம் சொல்லுவார். எனக்குத் தெரிந்து சேமிப்பைப் பற்றி யாரும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

ஐந்து வருடத்தில் கட்டியது 12,000. வட்டியோடு வந்தது பதினாறாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். அப்போது வட்டி நல்ல வட்டி. இன்று அந்த வேகம் கிடையாது. 2023 அக்டோபரில் தபால் ஆர்.டி. வட்டி 6.7 சதவீதமானது. வாடகையை 7,000-லிருந்து 4,000-ஆகக் குறைத்து, மிச்சமாகும் 3,000-ஐ அந்த வட்டியில் மாதாமாதம் ஐந்து வருடம் போட்டால் சுமார் 2,14,000 ரூபாய் கைக்கு வரும்.

அது போதுமா? போதாது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல நான் தயாராக இல்லை. 25 லட்ச ரூபாய்க்கு ஒரு வீடு பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக இரண்டரை லட்சம் நம் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்ந்தால் இன்னொரு இரண்டேகால் லட்சம். இதற்குப் பொதுவாகக் கடன் கிடைக்காது. ஐந்து லட்சம் ரொக்கமாக இல்லாமல் வாசல் ஏற முடியாது. ஏறிய பிறகு 22.5 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு மாதத் தவணை 20,000 ரூபாயைத் தாண்டும். 4,000 வாடகைக்கு இறங்கிய குடும்பத்தால் இதைத் தூக்க முடியுமா? சம்பளம் ஏறாமல் முடியாது.

ஆனால் சிறு ஊர்க்காரர்கள் வீடு வாங்குவது இந்த வழியில் இல்லை. முதலில் மனை. பிறகு மூச்சு வாங்கி அஸ்திவாரம். பிறகு ஒரு அறையும் சமையலறையும் தளம் போட்டுக் குடியேறுவது. பூச்சு வேலை அடுத்த தீபாவளிக்கு, மேல்மாடிக்குக் கம்பி மட்டும் நீட்டி விட்டுவைப்பது. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் பாதியில் நின்ற வீடு என்பார்கள். பாதியில் நிற்கவில்லை, கடன் வாங்காமல் நடந்துகொண்டிருக்கிறது. அரசே கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் கிராமப்புறக் குடிசைவாசிகளுக்கு மூன்றரை லட்ச ரூபாயில் கட்டித் தருவது 360 சதுர அடி வீடுதான். நகர்ப்புறங்களில் கடன் வாங்கிக் கட்டுவோருக்கு, 2024-ல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களுக்கு 1.80 லட்சம் வரை வட்டி மானியம் உண்டு. மனையோ வீடோ 10 லட்சத்துக்குள் இருந்து பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. ஒரு சதவீதம் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். தையல் மெஷினில் பத்து ரூபாய் தேடிச் சேர்த்தவர் பெயரில் பத்திரம் இருப்பது பணத்தை விடப் பெரிது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்னொரு வழியும் பேசப்படும்: மொய் விருந்து. கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். லட்சங்களில் சேரும், கோடியைத் தொட்டதும் உண்டு. வட்டியில்லாத பணம், அதை வைத்து நிலம் வாங்கியவர்கள், வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது வரவு இல்லை, கடன். வாங்கியதற்கு மேல் போட்டு ஒவ்வொருவர் விருந்திலும் திருப்ப வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபோது திருப்ப வேண்டிய மொய்க்கு வழியில்லாமல் தவித்த குடும்பங்களை அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எதைச் சுருக்கக் கூடாது

எட்டு வருடம் அந்த அறையில் இருந்தோம். அப்பத்தா திண்ணையில் படுப்பார். மழை நாளில் அப்பா திண்ணைக்குப் போய் அப்பத்தா உள்ளே வருவார். நான் முன்பக்க ஆச்சி வீட்டு வளவில் தூண் ஓரம் உட்கார்ந்து படிப்பேன். அவர் எனக்காகவே விளக்கை ஒன்பது மணி வரை எரியவிடுவார். அந்த வளவும், திண்ணையும், ஊரணிக் கரையும், கோவில் மண்டபமும் எங்கள் அறையின் நீட்சிகள். ஓர் அறையில் ஐந்து பேர் வாழ்ந்தோம் என்று சொன்னாலும், நாங்கள் உண்மையில் வாழ்ந்தது ஊர் முழுக்க. நகரத்தில் அடுக்ககத்தின் நாலாவது மாடியில் ஓர் அறை எடுத்தால் கதவைச் சாத்தியதும் அவ்வளவுதான் உலகம். அதனால் பட்டணத்தில் சுருக்குகிறவர்கள் சதுர அடியை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் பூங்கா உண்டா, நூலகம் உண்டா, மொட்டை மாடிக்குப் போக விடுவார்களா என்று கேட்க வேண்டும். 100 ரூபாய் கூடினாலும் அந்த வீடே சரி.

அக்கா வயதுக்கு வந்தது அந்த வீட்டில்தான். மூலையில் கயிறு கட்டி அம்மாவின் பழைய நூல் சேலையைத் தொங்கவிட்டார் அப்பா. கயிறு கட்டும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு உடை மாற்ற ஒரு சேலை மறைவுதான் என்பது அவரை எவ்வளவு அறுத்தது என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. ராத்திரியில் பொதுக் கழிப்பறைக்கு அக்கா போக வேண்டுமானால் அம்மா கூடப் போவார். எந்த உறக்கத்திலும் எழுந்துவிடுவார். பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் கழிப்பறை தனியாக இல்லாத இடத்துக்கு மட்டும் போகாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். வாடகையில் அதற்கு மிச்சம் பிடிக்கிற காசு, காசே இல்லை.

அம்மாவுக்கும் ஒரு வருத்தம் உண்டு. 1995-ல் ஆறு மாதம் கை இறுகியபோது சாயங்காலப் பாலை நிறுத்தினார். அப்பத்தாவுக்கும் எங்களுக்கும் கடுங்காப்பி. ஆர்.டி. மட்டும் ஒரு மாதமும் நிற்கவில்லை. "பாலை நிறுத்துனதுதான் தப்பு. ரெண்டு மாசம் அட்டைல பணம் கட்டாம விட்ருக்கலாம். ஒங்க அப்பத்தா அந்த வருஷம் எவ்வளவு இளைச்சுப் போனாக" என்று இன்றும் சொல்வார். சுருக்கப் பழகிய கை எங்கே நிறுத்துவது என்று அறியாமல் போகும் ஆபத்து இது. வீட்டைச் சுருக்கலாம். தட்டைச் சுருக்கக் கூடாது.

சேர்த்த பணம் ஏமாறும் இடங்கள்

1998-ல் ஆர்.டி. முதிர்ந்தது. நாலு சென்ட் மனை, விலை 22,000. குறைந்த பணத்துக்கு அம்மாவின் இரண்டு வளையல் கூட்டுறவு வங்கிக்குப் போனது. அப்பா கணக்கு எழுதுகிறவர் என்பதால் காகிதத்தின் மேல் பயபக்தி. மூலப்பத்திரம் பார்த்தார், முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தார், பட்டா யார் பேரில் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் மூன்று தரம் நடந்தார். 'இவ்வளவு சந்தேகப்பட்டா எவன்யா மனை விப்பான்' என்று தரகர் கோபித்துக்கொண்டார். அப்பா சட்டை செய்யவில்லை.

அவர் எவ்வளவு சரி என்பதைப் பின்னால் வந்த காலம் காட்டியது. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மனை வாங்கியிருந்த எத்தனையோ குடும்பங்கள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றன. அடுத்த ஆண்டு வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு அதில் வழி கிடைத்தது. கட்டணம் மேலும் ஒரு செலவு. ஐந்து வருடம் ஒண்டி இருந்து சேர்த்த பணத்தை, கல் நட்டுக் கொடி பறக்கவிட்ட மைதானத்தில் பத்தே நிமிடத்தில் கொடுத்துவிடுகிறார்கள். நகர் ஊரமைப்பு அனுமதி எண் எங்கே என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்க வேண்டும். வில்லங்கச் சான்றை இப்போது வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பார்க்க முடிகிறது.

இன்னொரு கண்ணி, ஒத்தி. வாடகையே வேண்டாம், மொத்தமாக மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ கொடுத்துவிட்டு இருங்கள், காலி செய்யும்போது திருப்பித் தருகிறேன் என்பார் வீட்டுக்காரர். கேட்க இனிக்கும். வாடகையே இல்லாததால் மாத மிச்சம் இன்னும் கூடுமே என்று தோன்றும். வீட்டின் பேரில் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து அது வாராக் கடனாகிவிட்டால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும். ஒத்திக்காரர் பதிவு செய்யாத பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்பார். இது நம் ஊருக்கு மட்டும் உரிய துன்பம் இல்லை. தென் கொரியாவில் ஜியோன்சே என்று அச்சாக இதே முறை உண்டு. வீட்டு விலையில் பாதிக்கு மேலும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருப்பார்கள். அங்கே இளைஞர்கள் பலர் அந்தப் பணத்தை மோசடியில் இழந்து, சிலர் உயிரையும் மாய்த்துக்கொண்ட பிறகு, 2023-ல் அவர்களுக்காகத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒத்திக்குப் போவதாக இருந்தால் வில்லங்கம் பார்த்துப் பதிவு செய்துகொண்டு போங்கள். பதிவுக்குச் சம்மதிக்காதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வாடகைக்கு இருக்கும்போதும் எழுத்து வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. பெரிய வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வரும் அட்வான்ஸ்தான் பல குடும்பங்களுக்கு முதல் முதலீடு. வெள்ளையடிக்க, குழாய் மாற்ற என்று அது கரைந்து வந்த கதைகள் எல்லார் வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டிலும் உண்டு. அதை நேராக ஆர்.டி.யிலோ வைப்பிலோ போட்ட பிறகுதான் சாமான் கட்ட வேண்டும்.

மனை வாங்கிய பிறகும் மூன்று வருடம் அதே அறையில் இருந்தோம். ஆச்சி ஒரு ரூபாய் வாடகை ஏற்றவில்லை. செம்புறாங்கல்லில் அஸ்திவாரம் போட்டது 1999-ல். வளையலை மீட்டு, மறுபடி வைத்து, சுவர் எழும்பியது. 2001 வைகாசியில் குடிபோனோம். ஒரு ஹால், ஓர் அறை, சமையலறை, வீட்டோடு சேர்ந்த கழிப்பறை. அக்காவுக்கு அப்போது இருபது வயது. அந்த ஓர் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹாலில் படுத்தோம்.

நிலை வைக்கும் நாளில் கொத்தனாரிடம் அம்மா இரண்டே விஷயம் கேட்டிருந்தார். நிலை ஏழடி உயரம் இருக்க வேண்டும். வாசலிலிருந்து உள்ளறை வரை நேர்கோடு, நடுவில் முக்கே கூடாது. எதற்கு என்று அவர் கேட்டதற்கு அம்மா பதில் சொல்லவில்லை. பால் காய்ச்சிய அன்று அந்த வழியாக முதலில் உள்ளே போனது தையல் மெஷின். அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தோம். நிலையில் கை இடிக்காமல், சாய்க்காமல், நேராகவே போனது.